நண்டுக்கு உதறாத கை

நண்டு கடித்தாலும் கையை உதறாத மனிசன் என்று தேற்றாத்தீவு வாவிக்கரையில் பூபாலபிள்ளைக்குப் பெயர். இரத்தம் ஒழுக ஒழுகச் சிரித்துக்கொண்டே வலையிலிருந்து நண்டு கழற்றுவார். ஊரே அதை வீரம் என்றது. நானும்தான்.

விரல்கள் மடங்கத் தொடங்கியதும் என் அக்குபங்சர் அறைக்கு வந்தார். சீன வைத்தியத்தில் ஊசியைக் குத்தினால் மட்டும் போதாது. குத்திய இடத்தில் ஒரு கடுப்பு எழவேண்டும். அப்போதுதான் உயிரோட்டம் ஊசிக்கு வந்துவிட்டது என்பார்கள். அதை நோயாளிதான் சொல்லவேண்டும்.

"கடுக்குதா அண்ணன்?"

"ஓம் தங்கச்சி, நல்லாக் கடுக்குது."

அந்த "ஓம்" கேட்டு ஆறு மாதம் பூரித்துப்போயிருந்தேன், மடச்சி. விரல் நிமிரவேயில்லை. ஒருநாள் சந்தேகப்பட்டு அவரைக் கண்ணை மூடச் சொன்னேன். ஊசி குத்தவேயில்லை.

"கடுக்குதா?"

"ஓம், நல்லாக் கடுக்குது."

கண்ணைத் திறந்தவர் ஊசியில்லாத தன் கையைப் பார்த்தார்.

"எங்கட அப்பாக்கும் இப்பிடித்தான் துவங்கினது. தொழுநோய் எண்டு தெரிஞ்சா மறுகா ஆர் என்ர நண்டை வாங்குவாங்க?"

திட்டித் தீர்த்து, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். குளிசை விழுங்கினால் நோய் மாறிவிடும், செத்த உணர்ச்சி திரும்பாது என்றார் டாக்டர். ஆறு மாதம் முந்தி வந்திருந்தால் என்று அவர் தொடங்கியபோது நான் வெளியே வந்துவிட்டேன்.

இப்போது நண்டு கவ்வினால் பூபாலபிள்ளை "ஐயோ" என்று கத்திக் கையை உதறுகிறார். வயதோடு வீரமும் போயிற்று என்று ஊர் சிரிக்கிறது. அவர் கத்துவது ஒரு நொடி பிந்தித்தான், நண்டைக் கண்ணால் கண்ட பிறகு.