பனிக் கொப்பியில் நான் எழுதிய ஆறு வாரங்கள்

பிரெஞ்சு பேசும் நகரம் ஒன்றின் புறநகரான பியர்பொன்ட்ஸில் நாங்கள் வீடு வாங்கியபோது, பக்கத்து வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய பிரெஞ்சுக்காரப் பெண்மணி ஒருவர் தனியாக இருந்தார். நானும் மனைவியும் அவரை மதாம் என்றுதான் கூப்பிடுவோம். பனி விழத் தொடங்கிவிட்டால் காலை ஏழு மணிக்கு அவரைப் பின்வளவில் காணலாம். வெள்ளைச் சாயம் பூசிய பலகை ஒன்று அங்கே கிடக்கும். அதில் விழுந்திருக்கும் பனியில் அடிமட்டத்தை நிறுத்தி எத்தனை சென்ரிமீற்றர் என்று பார்ப்பார். பலகையைத் துடைத்து, புதுப்பனியின் மேல் திரும்ப வைப்பார். பிறகு உள்ளே போய்க் கொப்பியில் எழுதுவார். அறுபதுகளின் கடைசியில் அவருடைய கணவர் தொடங்கிய வேலை அது. கணவர் இறந்த பிறகும் மதாம் அதை விடவில்லை.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு டிசம்பரிலேயே பனி கொட்டத் தொடங்கிவிட்டது. ஊர் முழுக்கச் சலித்துக்கொண்டிருக்க, மதாமுக்கு மட்டும் உற்சாகம். "எழுபதுகளின் தொடக்கத்தில் என் கணவர் அளந்த ஒரு குளிர்காலம்தான் இந்தக் கொப்பியில் பெரியது. இந்த முறை அதைத் தாண்டுமோ பார்ப்போம்" என்றார்.

அந்த நேரம் பார்த்து, ஜனவரிக் கடைசியில், அவருடைய இடுப்பு ஒப்பரேசனுக்கு நாள் வந்தது. நெடுநாள் காத்திருந்து கிடைத்த நாள், தள்ளிப்போட முடியாது. அது முடிந்ததும் ஆறு வாரம் தங்கை வீட்டில் தங்கவேண்டும். என்னை அளக்கச் சொல்லிக் கேட்டார். அவர் சொல்லி முடிக்கும் முன்பே நான் "உய், உய்" என்று தலையாட்டினேன். என் பிரெஞ்சு அவ்வளவுதான். மனைவி கார்டரி என்கிற பிள்ளைகள் காப்பகத்தில் வேலை செய்கிறவள், நன்றாகக் கதைப்பாள். அவள் மூலம் மதாம் ஒன்றே ஒன்றை அழுத்திச் சொன்னார்: அளக்க முடியாத நாளில் ஒன்றும் எழுதவேண்டாம், வெறுமையாக விட்டுவிடுங்கள். பழைய பக்கம் ஒன்றைத் திறந்து காட்டினார். மூன்று வரிகள் வெறுமையாக இருந்தன. கணவர் இறந்த நாட்கள்.

முதல் ஒன்பது நாள் ஒழுங்காக அளந்தேன். ஞாயிறு பூசை முடிந்து மண்டபத்தில் தேநீர் குடிக்கும்போது யாரோ, "முந்தின மாதிரி இப்ப எங்கை ஸ்னோ?" என்றார். "அப்பிடிச் சொல்லாதேங்கோ அண்ணை. நான் ஒவ்வொரு நாளும் அளக்கிறன்" என்றேன், நாற்பது வருடமாக அளந்தவன்போல.

பத்தாம் நாள் விடியும்போது கார் பனிக்குள் புதைந்து கிடந்தது. அதைத் தோண்டியெடுத்து, சென்ட் லோரன்டில் நான் வேலை செய்த மருந்துத் தொழிற்சாலைக்கு ஓடினேன். பின்னேரம் வந்து பார்த்தால் காற்று பலகையை வழித்துத் துடைத்திருந்தது. அந்த வரியை வெறுமையாக விட்டிருக்கவேண்டும். ஆனால், பத்தே நாளில் ஒரு வெற்றிடமா என்று மதாம் நினைப்பாரே என்று கூச்சமாக இருந்தது. விமான நிலையத்தில் விழுந்த அளவைத் தொலைக்காட்சியில் சொன்னார்கள். அதில் ஒரு சென்ரிமீற்றரைக் குறைத்து எழுதினேன். அப்படியே எழுதினால் பார்த்து எழுதியது தெரிந்துவிடுமே! அந்த ஒரு சென்ரிமீற்றரை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

அதன் பிறகு சுலபமாகிவிட்டது. சில நாள் அளந்தேன், சில நாள் படுத்துக் கிடந்தேன்.

"இண்டைக்கு அளந்தனீங்களே?" என்று மனைவி கேட்பாள்.

"ஓம், ஓம்."

"பாவம் மதாம். உங்களை நம்பித்தான் போயிருக்கிறா."

மார்ச்சில் மதாம் நடைச்சட்டத்தைப் பிடித்தபடி திரும்பி வந்தார். குளிர்காலம் அடங்கிய பிறகு ஒருநாள், கேக் ஒன்றோடு எங்கள் வாசலில் நின்றார். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தாராம். கணவருடைய குளிர்காலத்தை இது தாண்டிவிட்டதாம். என் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்து "மெர்சி, மெர்சி" என்று நன்றி சொன்னார். நான் சிரித்தேன். அந்தக் கேக்கையும் சாப்பிட்டேன்.

இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் மனைவியைக் கூட்டிக்கொண்டு மதாமின் வீட்டுக்குப் போனேன். எதற்கென்று அவளுக்குச் சொல்லவில்லை. குசினி மேசையில் உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறந்தேன்.

"அந்த இலக்கங்கள் எல்லாம் சரியில்லையெண்டு அவவிட்டைச் சொல்லு."

"என்ன சரியில்லை?"

"சில நாள் நான் அளக்கேல்லை. ரீவியிலை சொன்னதைப் பாத்து எழுதினனான்."

மனைவி என்னைப் பார்த்தாள். "அப்ப எனக்கும் பொய்தான் சொன்னனீங்கள்" என்றாள். பிறகு மதாம் பக்கம் திரும்பி, கூட்டாமல் குறைக்காமல் பிரெஞ்சில் சொன்னாள்.

மதாம் கோபப்படவில்லை. கொப்பியை எடுத்து வந்து என் முன்னால் வைத்து, பென்சிலையும் நீட்டினார். எந்தெந்த நாட்கள் என்று குறித்துத் தரச் சொன்னார்.

குனிந்து பார்த்தேன். எல்லாம் ஒரே பேனா, ஒரே கையெழுத்து. முதல் ஒன்பதும் உண்மை, பத்தாவது பொய். அதற்குப் பிறகு? ஒரு வரியில் பென்சிலை வைத்தேன். எடுத்தேன். இன்னொன்றில் வைத்தேன். எது பலகையில் அளந்தது, எது தொலைக்காட்சியில் கேட்டது என்று எனக்கே தெரியவில்லை.

"தெரியேல்லை" என்றேன். அதையும் மனைவிதான் மொழிபெயர்த்தாள்.

பத்தாம் நாளிலிருந்து நான் எழுதிய கடைசி நாள்வரை எல்லாவற்றையும் அடித்து மதாம் கோடு இழுத்தார். நான் குளிரில் நின்று உண்மையாக அளந்த நாட்களும் அதோடு போயின. கீழே கூட்டி வைத்திருந்த தொகையை மெதுவாக அழித்தார். பிறகு எங்களுக்குக் கோப்பி போட எழுந்தார். எழும்பிப் போகத் துணிவில்லாமல் அதைக் குடித்து முடித்தேன்.

விமான நிலையத்துப் பனி அளவில் பழைய சாதனை முறியவில்லை என்று செய்தியில் சொன்னார்கள். மதாமின் வளவில் முறிந்ததா இல்லையா என்பது யாருக்கும் தெரியாது.

அடுத்த குளிர்காலம் மதாம் தடியை ஊன்றிக்கொண்டு தானே அளந்தார். பலகைவரை பனியை வழித்து நான் பாதை செய்து கொடுப்பேன். மெர்சி என்பார். வேறு உதவி கேட்டதில்லை.

சில வருடம் கழித்துப் பல்கலைக்கழக மாணவி ஒருத்தி அந்தக் கொப்பிகளை வாங்கிப்போய், நாற்பதுக்கும் மேற்பட்ட குளிர்காலங்களையும், ஒன்றுக்கு ஒரு கோடாக, ஒரு படமாக வரைந்து கொடுத்தாள். மதாம் அதைக் குசினிச் சுவரில் மாட்டினார். உயர்ந்தும் தாழ்ந்தும் வரிசையாக நிற்கும் நீலக் கோடுகளுக்கிடையே, கடைசிப் பக்கமாக, ஓரிடம் மட்டும் காலி. நாங்கள் போயிருந்த ஒரு நாள், அங்கே வந்திருந்த மதாமின் தங்கை அந்த இடத்தைத் தொட்டு ஏனென்று கேட்டார்.

"அந்த வருடம் எனக்கு ஒப்பரேசன்" என்றார் மதாம்.

அவ்வளவு பிரெஞ்சு எனக்கும் விளங்கியது.