கீழேருந்து குரல் குடுத்தோம், மேலேருந்து பதில் வந்துச்சு

இன்னைக்கு கீழ்பென்னாத்தூர் பக்கம் பாறை ஓவியம் பாக்கப் போனோம். நானும், எங்க மாடியில வாடகைக்கு இருக்கற ஆஸ்திரேலியா அம்மாவும். அந்த நாட்டுப் பழங்குடி அவங்க.

மலை அடிவாரத்துலயே அவங்க நின்னுட்டாங்க. "எங்க ஊர்ல முன்னோருக்குக் குரல் குடுத்துட்டுத்தான் ஓவியத்துகிட்ட போவோம்"னாங்க.

அவங்க பாஷையில சத்தமா கூப்பிட்டாங்க. எனக்கு சிரிப்பு.

மேலேருந்து ஒரு குரல்: "யாரு? வாங்க, வாங்க!"

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துடுச்சுங்க!

அவங்க அசரவே இல்ல. "என்ன சொல்றாங்க?"

"வரச் சொல்றாங்க."

ஓடி ஏறினா, ஓவியத்துக்குக் கீழ நிழல்ல ஆடு மேய்க்கற அக்கா. "எத்தினியோ பேரு வராங்க. கேட்டுட்டு வந்தது இந்தம்மாதான்."

பாறையில வெள்ளைக் கோட்டுல ஒரு மனுஷன், கையைத் தூக்கிட்டு!

இதுக்கு முன்னாடி நான் ரெண்டு வாட்டி இங்க செல்ஃபிக்காக ஏறியிருக்கேன். கேக்காமத்தான்.

நீங்க எத்தினி வாட்டி?