சூடு தெரிந்த கால்

முதலில் வந்தது நாற்றம்தான். மார்கழிக் காலை. வெள்ளிமலை ஜீப் ஸ்டாண்டில் ஓட்டுநர்கள் நாங்கள் நெருப்பு மூட்டிக் குளிர் காய்ந்துகொண்டிருந்தோம். யாருடைய செருப்போ கருகுகிறது என்று நானும் சேர்ந்து சிரித்தேன்.

“யோவ், உன் காலுய்யா!” என்று கத்தினார் பக்கத்து ஜீப் கோவிந்தன்.

குனிந்து பார்த்தால் என் இடது செருப்பு. பெருவிரலில் கொப்புளம். துளி வலி இல்லை. சில மாதங்களாகவே நடந்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், நின்றால் விட்டுவிடும். நாற்பது வயதுதானே, கிளட்ச் மிதித்த அலுப்பு என்று எனக்கு நானே வைத்தியம் சொல்லிக்கொண்டிருந்தேன். நீங்கள் அப்படி இருந்துவிடாதீர்கள்.

புண் ஆறவில்லை. விரல் கறுத்தது. கள்ளக்குறிச்சியில் டாப்ளர் (ரத்த ஓட்டத்தை ஒலியலையால் அறியும் சோதனை) எடுத்தார்கள். பர்ஜர் நோய் (புகையிலையால் கை கால் ரத்தக்குழாய்கள் வீங்கி அடைத்துக்கொள்வது) என்றார் மருத்துவர். பைபாஸ் (அடைப்பைத் தாண்டி வேறு குழாய் இணைப்பது) செய்யவும் நல்ல குழாய் மிச்சமில்லை. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருக்கும் என்றார். இடது கால் போனால் கிளட்சை எதால் மிதிப்பது? எனக்குத் தெரிந்த தொழில் மலைப்பாதையில் ஜீப் ஓட்டுவது ஒன்றுதான்.

சென்னைக்குப் போனோம். ஆய்வு முறையில் ஒரு சிகிச்சை இருக்கிறது என்றார் அங்கிருந்த பெண் மருத்துவர். என் இடுப்பெலும்பு மஜ்ஜையிலிருந்து ஸ்டெம் செல் (வேறு செல்லாக வளரக்கூடிய மூல உயிரணு) எடுத்துக் கெண்டைக்கால் தசையில் ஊசியாகப் போடுவார்கள். புதிய நுண்குழாய்கள் முளைக்க அது தூண்டும்.

“எல்லாருக்கும் பலிக்காதுங்க. பீடிய விடலன்னா நிச்சயமா பலிக்காது” என்றார்.

“வெள்ளிமலைக்கு எவ்ளோ தூரம்னு கேட்டா நாலு பீடின்னு சொல்ற ஆளுங்க இவரு” என்றாள் என் மனைவி செல்வி. மானம் போயிற்று. ஆனால் பொய்யில்லை.

ஊசி போட்ட மூன்றாம் வாரம், வீட்டுக்குப் பின்னால் ஒளிந்து ஒன்று பற்றவைத்தேன். பிடித்துவிட்டாள். “எலும்புல குத்தி எடுத்துப் போட்டாங்களே, அதையே கொளுத்திக்கினு நிக்கறியே மாமா!” என்று அழுதாள். எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது, பிறகுதான் வெட்கம். அதுவே கடைசி பீடி.

கறுத்த பெருவிரலை எடுத்துவிட்டார்கள். தினமும் வலிக்கும்வரை நடந்தேன். நாள் நகரவே இல்லை. ஒருநாள் புண்ணின் ஓரம் சிவந்தது; ரத்தம் எட்டத் தொடங்கிய அடையாளம் என்றார்கள். ஆறாம் மாதம் டாப்ளர் கருவியைக் காலில் வைத்து என்னையும் கேட்கச் சொன்னார் மருத்துவர். முன்பு சத்தமே இல்லாத இடத்தில் மெல்ல ‘புஸ், புஸ்’ என்றது.

“பழைய ரோடு அடைஞ்சது அடைஞ்சதுதாங்க. பக்கத்துலயே உங்க ஒடம்பு ஒத்தையடிப் பாதை போட்டுக்கிச்சு. கால் தப்பிச்சுது.”

இப்போது மீண்டும் ஜீப் ஓட்டுகிறேன். மலைக்கு எவ்வளவு தூரம் என்று யாராவது கேட்டால் விழிக்கிறேன். பீடி இல்லாமல் எனக்குக் கணக்குத் தெரியவில்லை. பாதை மட்டும் நீளமாகிவிட்டது, பார்க்கவும் நிறைய இருக்கிறது.

போன வாரம், அதே ஸ்டாண்ட், அதே மார்கழி நெருப்பு. செருப்பைக் கழற்றி இடது காலைப் பயந்து பயந்து நீட்டினேன். ஐயோ என்று இழுத்துக்கொண்டேன். கோவிந்தன் பதறி எழுந்தார். நான் உடனே செல்விக்குப் போன் போட்டேன்.

“சுடுது செல்வி! காலு சுடுது!”

மறுமுனையில் அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“சுட்டா கால எடு மாமா. போன் பேசிக்கினு நிக்காத.”