ஏழு நாள் வானிலையும் தேங்காய்ப்பட்டணம் பேருந்தும்

சென்ற அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை களியக்காவிளையிலிருந்து தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்துக்குப் போனேன். கடல் பார்க்க ஆசைப்பட்டுப் போன பயணம் இல்லை. என் தங்கை மகன் சகாயம் வேலை செய்யும் விசைப்படகு அன்று பிற்பகல் மூன்று மணிக்குக் கிளம்புவதாக இருந்தது. போனால் திரும்பப் பத்து நாள் ஆகும். அதைத் தடுக்கப் போனேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எழுபது தாண்டியவன். களியக்காவிளைச் சந்தையில் வாழைக்குலை இறக்கிப் பிழைத்தவன். எழுத்துக் கூட்டி வாசிக்கப் படித்தது போன வருடம்தான், முதியோர் வகுப்பில். அதிலிருந்து பேருந்துப் பலகை, பிஸ்கட் கவர், கல்யாண பேனர் என்று ஒன்றையும் விடுவதில்லை. தொடங்கினால் அடியில் இருக்கும் அச்சகத்தின் பெயர் வரை போய்த்தான் நிற்பேன். இதையும் ஒற்றை விரலால் தட்டித்தான் எழுதுகிறேன். மெதுவாகப் போகிறது, ஆனாலும் என்ன ஒரு சுகம்.

அன்று காலை சந்தைக்கு எதிரே உள்ள படிப்பகச் சுவரில் ஏழு நாள் வானிலை அறிவிப்பு ஒட்டியிருந்தது. அதன் மேல் பாதியை ஒரு டியூஷன் சென்டர் நோட்டீஸ் மறைத்திருந்தது. தெரிந்த பாதியை வாசித்தேன். கன்னியாகுமரி மாவட்டத்தில் புதன், வியாழன் இரண்டு நாளும் இடி மின்னலோடு கனமழை. கைபேசியில் அதைப் படம் எடுத்துக்கொண்டு சகாயத்தைக் கூப்பிட்டேன்.

"மாமா, கேரளத்துக்காரனுவ எப்பவும் மஞ்சள், ஆரஞ்சுன்னு கலர் அடிச்சிட்டேதான் இருப்பானுவ. நாம தமிழ்நாட்டு ஆளுகள்லா" என்று சொல்லி வைத்துவிட்டான். நான் வாசித்தது எந்த அறிவிப்பு என்றுகூடக் கேட்கவில்லை.

வெளியூர் வாசகர்களுக்கு இது புரியாது. எல்லையில் இருக்கும் எங்களுக்கு இரண்டு மாநிலத்து அறிவிப்பும் கைபேசியில் வரும். குடை தூக்கச் சோம்பலாக இருந்தால் ஒன்றை நம்புவோம், வேலைக்குப் போக மனமில்லாவிட்டால் மற்றதை நம்புவோம். மேகமும் சோதனைச் சாவடியில் நின்றுதான் வரும் என்பதுபோல.

திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. நேரில் போவதுதான் வழி. பதினொன்று பத்துக்குப் பேருந்து ஏறினேன். குழித்துறை ஏழு கிலோமீட்டர், இருபது நிமிடத்தில் போய்விடலாம். அன்று சாலையில் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள். வண்டி நின்றது, நகர்ந்தது, மறுபடியும் நின்றது. நான் எழுந்து எழுந்து முன்னால் எட்டிப் பார்த்தேன்.

நடத்துநர் கேட்டார், "என்ன அண்ணாச்சி, சீட்டுல முள்ளு கெடக்கா?"

"இல்ல மக்கா, மணி ஓடுது."

"மணி ஓடும். வண்டிதான் ஓடமாட்டேங்குது."

குழித்துறைப் பாலம் தாண்டும்போது ஆற்றில் செம்மண் தண்ணீர் நிறைந்து போனது. மார்த்தாண்டத்தில் இறங்கி, புதுக்கடை வழியாகத் தேங்காய்ப்பட்டணம் போகும் பேருந்தைப் பிடித்தபோது பன்னிரண்டே கால். ஏறக்குறைய பதின்மூன்று கிலோமீட்டர். இரண்டு வண்டிக்கும் சேர்த்து நாற்பது ரூபாய்க்குள் அடங்கிவிடும். ஜன்னல் சீட்டு கிடைத்தது, ஆனால் ஊரைப் பார்க்கவில்லை, வானத்தையே பார்த்தேன். துடைத்து வைத்ததுபோல் நீலமாக இருந்தது. ஒரு துண்டு மேகமாவது வராதா என்று இருந்தது. மழை வருகிறது என்று சொல்லப் போகிறவன் தலையில் இப்படியா வெயில் அடிக்கும்?

ஒன்றேகாலுக்குத் துறைமுகம். படகில் ஐஸ் கட்டிகளை உடைத்துக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். சகாயம் என்னைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்து நின்றான்.

"எதுக்கு மாமா இந்த வெயில்ல வந்திய?"

"இதைக் கேளு" என்று படத்தைத் திறந்து உரக்க வாசித்தேன். படகில் இருந்த பதினோரு பேர் கேட்க நான் வாசித்தது அதுதான் முதல் தடவை. திக்காமல் வாசித்தேன். படகை ஓட்டும் பனியடிமை ஐஸ் வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டார்.

"அண்ணாச்சி, இது போன வாரத்துக் கடுதாசி. இந்த மழைதான் போன புதனும் வியாழனும் ஊத்திச்சே. நீங்க நனையலியா?"

நனைந்திருந்தேன். படகு முழுக்கச் சிரித்தது, ஐஸ் உடைப்பவன் சிரித்துச் சிரித்து உட்கார்ந்தே விட்டான். தேதி இருந்த இடத்தைத்தான் டியூஷன் சென்டர் மறைத்திருந்தது. அச்சில் இருப்பது பழசாகவும் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"அப்ப இந்த வாரத்ததைக் காட்டு" என்றேன்.

"பாத்தாச்சு மாமா. கன்னியாகுமரி மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் லேசான மழை. முடிஞ்சு போச்சு" என்று சகாயம் தன் கைபேசியை நீட்டினான். நான் ஒரு மீன் பெட்டியில் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து தொடங்கினேன். இந்தத் தடவை தேதியைப் பார்த்தேன், அன்றைய தேதிதான். பிறகு மாவட்டங்கள், வெப்பநிலை, எங்கே எவ்வளவு மழை பெய்தது என்ற நீளமான பட்டியல். அவர்கள் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள்.

"மாமா, நீங்க வாசிச்சு முடிக்கதுக்குள்ள நாங்க லட்சத்தீவு போய்ச் சேந்துருவோம்" என்றான் சகாயம்.

பட்டியல் முடிந்த பிறகு மீனவர்களுக்கான எச்சரிக்கை என்று ஒரு பத்தி இருந்தது. புதன் முதல் வெள்ளி வரை, தெற்கு கேரளக் கடலோரம், லட்சத்தீவுப் பகுதி, இடி மின்னலுடன் சூறைக்காற்று, மீனவர்கள் செல்ல வேண்டாம்.

"மக்கா, லட்சத்தீவு இங்க கெடக்கே" என்றேன்.

பனியடிமை கையைத் துடைத்துக்கொண்டு வந்து கைபேசியை வாங்கினார். இரண்டு தடவை வாசித்தார். பிறகு சகாயத்தைப் பார்த்தார். "நாம எங்க வலை போடப் போறோம்?"

"கொல்லத்துக்கு மேக்கே."

"அப்ப நம்ம ஊர்ல மழை பெஞ்சா என்ன, பெய்யாட்டி என்ன?"

"ஐஸ் உருகிப் போவும்லா" என்றான் சகாயம். "உருகட்டு. சனிக்கிழமை பாப்போம்" என்றார் பனியடிமை. படகில் யாருக்கும் என்மேல் சந்தோஷம் இல்லை. சகாயம் என்னோடு பேருந்து நிறுத்தம் வரை நடந்து வந்தான்.

புதன்கிழமை பகல் முழுக்க வெயில். மதியம் சகாயம் கூப்பிட்டான். "மாமா, துணி காயப் போட்டிருக்கேன். நல்லா காயுது." வைத்துவிட்டான். அன்று நான் வாசலுக்கும் தெருமுனைக்கும் எத்தனை தடவை நடந்தேனோ. மழை வராவிட்டால் ஐந்து நாள் கூலி என்னால் போனது. வந்துவிட்டாலோ, வேறு யாருடைய பிள்ளையாவது கடலில் இருக்குமே. எதை விரும்புவது என்றே தெரியவில்லை.

இந்தப் பக்கம் வர நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. அக்டோபர், நவம்பரில் இடிமழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் வரும், அதனால் காலையிலேயே ஊர் சுற்றிவிடுங்கள். துறைமுகத்தில் தரை வழுக்கும், நல்ல செருப்பு வேண்டும். இடி கேட்டால் தென்னைக்கு அடியில் நிற்காதீர்கள். ஏழு நாள் அறிவிப்பைப் பார்க்கும்போது முதலில் தேதி, பிறகு நீங்கள் போகப்போகும் இடம். இருக்கும் இடத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள். அவசரப்படாமல் கடைசி வரி வரை போங்கள்.

வியாழன் மாலை நான்கு மணிக்குச் சகாயத்திடமிருந்து ஒரு செய்தி வந்தது. பேசாமல் எழுதி அனுப்பியிருந்தான். எனக்கு அவன் எழுதியது அதுவே முதல் தடவை. எங்கள் ஊரிலும் தூரத்தில் உறும ஆரம்பித்திருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன்.

"மாமா, பயங்கர இடி. கடல் கறுத்துப் போச்சு. ஒண்ணும் தெரியல. ஐஸ் எல்லாம் வெள்ளமாயிட்டு. நாங்க பதினோரு பேரும்" என்பது வரை வந்து, அடுத்த சொல்லைக் கூட்டினேன். "வீட்டுல" என்று இருந்தது.