பதினேழாம் கேள்வியின் விடை

ஈரப் பஞ்சில் நுனியைத் தொட்டுத் தொட்டு விடைத்தாள்களைப் பிரித்துக்கொண்டிருந்தன விரல்கள். அதிக மதிப்பெண் இடப்பக்கம், குறைந்தது வலப்பக்கம், இடைப்பட்டவை நாற்காலிமேல். கேள்வி நல்ல கேள்வி என்றால் இடப்பக்க அடுக்கில்தான் சரியான விடை அதிகம் இருக்க வேண்டும். பழைய தேர்வுக் கையேடுகளைப் படித்து, இருபது வருடம் தானே செய்துபார்த்துப் பிடித்துக்கொண்ட முறை இது.

தொழிற்பயிற்சிப் பள்ளியில் கணக்கு டீச்சர் அவள். எழுதியதை அழித்து அழித்து எழுதுவதால் பிள்ளைகள் வைத்த பெயர் ரப்பர் டீச்சர். பள்ளிப்படிப்பு முடிப்பவர்கள் கல்லூரிக்கோ வேலைக்கோ தயாரா என்று பார்க்க ஆறு பள்ளிகள் சேர்ந்து ஒரே தேர்வைத் தயாரித்துக்கொண்டிருந்தன. அதில் தேறியவர்களைக் கல்லூரியும் பட்டறைகளும் வேறு சோதனை வைக்காமல் எடுத்துக்கொள்ளும். பதினேழாம் கேள்வி அவளுடையது: பத்தடிக்கு எட்டடி அறை, ஓரடிச் சதுர டைல்ஸ், எத்தனை வாங்க வேண்டும்? "இது சின்னப் பசங்க கணக்கும்மா" என்று அதைத் தூக்கப் பார்த்தார் குழுவிலிருந்த கல்லூரிப் பேராசிரியர். வேலைக்குப் போகிறவனுக்கும் ஒரு கேள்வி வேண்டாமா என்று மூன்று கூட்டம் மல்லுக்கட்டி அதை நிறுத்திவைத்திருந்தாள்.

இவை கேள்விகளைச் சரிபார்க்க வைத்த முன்னோட்டத் தேர்வின் தாள்கள். நாளைக் காலை வினாத்தாள் அச்சுக்குப் போக வேண்டும்.

பதினேழில் கை நின்றது. இடப்பக்க அடுக்கில் முப்பது பேர். பதினெட்டுப் பேர் தப்பு. அத்தனை பேரும் அவள் பள்ளிப் பிள்ளைகள். கூரைச் சாய்வுக் கணக்கை ஊதித் தள்ளியவர்கள் இதற்கு எண்பத்தைந்து, எண்பத்தெட்டு என்று எழுதியிருந்தார்கள். "பெருக்கக்கூட வராதா கழுதைங்களா" என்று முனகினாள். ஒரு பெண்ணின் தாளில் மட்டும் ஓரமாகப் பென்சிலில் ஒரு வரி: 'சுவர் ஓரம் வெட்டும்போது உடையும்.'

இரவல் வாங்கிய ஏணியைத் திருப்பிக் கொடுக்க அப்போதுதான் தம்பி வந்தான். அவனுக்கு டைல்ஸ் ஒட்டுகிற வேலை.

"டேய், பத்துக்கு எட்டு ரூம். ஓரடி டைல்ஸ். எத்தனை வாங்குவ?"

"தொண்ணூறு. கை சுத்தமான ஆளா இருந்தா எண்பத்தெட்டு."

"எண்பதுடா!"

"எண்பதோட போய் நின்னா மேஸ்திரி என்னையே வெட்டி ஒட்டிடுவாரு. உடையாத டைல்ஸும் கோணாத சுவரும் உங்க புஸ்தகத்துலதான்க்கா கிடைக்கும். எந்தப் புத்திசாலி போட்ட கேள்வி?"

அவள் விடைக்குறிப்பைக் கையில் எடுத்தாள். தம்பி ஏணியை மெல்லச் சுவரில் சாய்த்தான். "நான் கிளம்புறேன்க்கா."

விடைக்குறிப்பில் எண்பது என்று எழுதியது அவள் கைதான். வேலை தெரிந்த பிள்ளைகளையே தயாரில்லை என்று தள்ளப் போகிறது, அவள் அவர்களுக்காகச் சண்டை போட்டு வாங்கிய கேள்வி. சொன்னால் பேராசிரியர் கேள்வியையே எடுத்துவிடுவார். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. எண்பது என்று எழுதியவர்களும் தப்பில்லை. அவர்கள் அறையை அளந்தார்கள், அவ்வளவுதான். நாலு முறை எழுதி அழித்த பிறகு கேள்வி இரண்டானது. அறையில் எத்தனை பதியும்? வேலைக்கு எத்தனை கொண்டுபோவாய், ஏன்? காரணத்துக்கும் மதிப்பெண்.

மறுநாள் கூட்டத்தில் உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டாள். "தப்பு என்னோடதுங்க சார்."

"அப்பவே சொன்னேன்ல? எடுத்துடலாம்."

அந்தப் பெண்ணின் தாளை அவர் முன்னால் வைத்தாள். அவர் பென்சில் வரியைப் படித்தார். "சாய்வுக் கணக்கு போட்டிருக்காளா?"

"முழு மார்க்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் வீடு கட்டினப்போ நாலு டைல்ஸ் குறைஞ்சுபோச்சு. அந்தக் கலர் அப்புறம் கிடைக்கவே இல்ல. இன்னைக்கும் கட்டிலைப் போட்டு மறைச்சு வச்சிருக்கேன்."

"எத்தனை சார் வாங்குனீங்க?"

"கணக்காத்தான் வாங்குனேன்" என்றார். சிரிப்பு அடங்கியதும் புதிய கேள்வியை எடுத்து, இரண்டு முறை படித்து, கீழே கையெழுத்துப் போட்டார்.

வாசலில் அச்சகக்காரர் காத்திருந்தார். "இதான் கடைசிங்களா டீச்சர்? மறுபடி அழிக்க மாட்டீங்களே?"

அவள் கையிலிருந்த வினாத்தாள் உறையைத் திறந்து பதினேழாம் கேள்வியை இன்னொரு முறை படித்தாள். பிறகு ஒட்டி, அவர் கையில் கொடுத்தாள்.