பூசாரி இறக்கிய வில்

பிள்ளைகளா, ஊரில் பெரிய மனிதர் என்று யாரையாவது காட்டினால் உடனே கும்பிட்டுவிடாதீர்கள். நான் கண்டதைச் சொல்கிறேன்.

திண்டுக்கல் பக்கம் எங்கள் ஊர் முருகன் கோயிலில், விஜயதசமியன்று நட்டுவைத்த வாழையில் பூசாரி அம்பு போட வேண்டும். தகப்பனார் இறந்து புதிதாகப் பூசைக்கு வந்த இளைஞருக்கு முதல் வருஷம் அம்பு காலடியிலேயே விழுந்தது. மறுபடியும் தவறினால் பூசையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார் தர்மகர்த்தா. அவர் வில்லைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை.

"வாழையைப் பாத்ததும் விரலு தானா நாணை விட்டுருதுண்ணே" என்று, சின்ன வயசில் வில் பழகியிருந்த என்னிடம் வந்து பூசாரி அழுதார்.

"வாழையை மறங்க சாமி. எங்க வைக்கப்போரு முன்னால நின்னு இழுங்க. அம்பை விடாம வில்லை இறக்குங்க. இறக்கலாமின்னு கைக்குத் தெரியட்டும், அம்புட்டுத்தான்" என்றேன்.

தினமும் இழுத்தார், இறக்கினார். விரல் மெல்ல அவர் பேச்சைக் கேட்டது.

விஜயதசமியன்று கூட்டத்தின் நடுவே வில்லை இழுத்தவர், விடாமல் இறக்கினார். எல்லாரும் சிரித்தார்கள்.

"என்ன சாமி, வாழைமரம் எந்திரிச்சு ஓடிருமோ?" என்றார் தர்மகர்த்தா.

"செத்த நேரம் பொறுங்க" என்ற பூசாரி மறுபடி இழுத்தார். அம்பு வாழையில் தைத்து நின்றது.

சிரித்த வாய்களே அரோகரா போட்டன. "நான் அதட்டுனதாலதான் பட்டுச்சு" என்று தர்மகர்த்தா கழுத்தை நீட்டி மாலை வாங்கிக்கொண்டார். வெட்கமே இல்லை.

எல்லாரும் போன பிறகு, தர்மகர்த்தா உட்கார்ந்திருந்த நாற்காலியில் நான் உட்கார்ந்து பார்த்தேன். அங்கிருந்து பார்த்தால் யார் விட்டாலும் அம்பு பட்டுவிடும் போலத்தான் இருந்தது. எழுந்து நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு வந்தேன்.