ஆறு இலக்கங்களும் ஒரு பெயரும்

நான் திருகோணமலைக்குப் புறப்பட்டபோது கையில் இரண்டு நாள் விடுமுறையும் ஒரு சந்தேகமும் இருந்தன. தவக்காலம் தொடங்குமுன் பாலையூற்றுக் காப்பிரிக் குடும்பங்களின் இளையவர்கள் கறுப்பு முகமூடி அணிந்து ஊர்வலம் போவார்கள். ஆபிரிக்காவிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். அது முந்நூறு வருட வழக்கம் என்றார் யாழ்ப்பாணத்தில் என்னோடு சரித்திரம் படிப்பிக்கும் ஒருவர். இப்போது வந்திறங்கிய ஆபிரிக்கப் பட்டாளத்தைப் பார்த்துப் பழகியது என்றார் இன்னொருவர். இருவருமே நேரில் பார்த்ததில்லை. துறைமுகத்தில் யப்பான் குண்டு விழுந்த பிறகு வந்த முதல் விபூதிப் புதனுக்கு இரண்டு நாள் முன்பு, திங்கட்கிழமை, நான் வவுனியாவில் பஸ் ஏறினேன்.

அறுபது மைல். கட்டணம் ஒரு ரூபாய் ஐம்பது சதம். ஏழரைக்குப் புறப்பட வேண்டிய பஸ் ஒன்பதே காலுக்குத்தான் அசைந்தது. இராணுவ லொறிகளுக்கு விலகி விலகி நின்றதில் நான்கு மணிநேரமாயிற்று.

"சனம் அங்கயிருந்து ஓடிவருது. நீங்கள் என்னத்துக்குப் போறியள்?" என்று கேட்டார் சாரதி.

"முகமூடி பார்க்க."

"அதுக்கு அங்க போகவேணுமே? நச்சுப்புகைக்கெண்டு இப்ப எல்லா ஊரிலயும் வைச்சிருக்கினம்!"

நகரில் பாதிக் கதவுகள் பூட்டியிருந்தன. பாலையூற்றுக்கு மாட்டுவண்டியில் நாற்பது சதம். இரண்டு மைல்தான், வெயில் தாங்குபவர்கள் நடக்கலாம்.

என் தோழி ஒருத்தி கடிதம் கொடுத்து அனுப்பிய வீடு எலிசாவுடையது. இருபது வயது, கூலிக்குத் தைப்பவள். முற்றத்தில் ஏழு முகங்கள் காய்ந்துகொண்டிருந்தன. கடதாசி கிடைக்காததால், சீனன்குடா விமானத்தள வேலையில் எறிந்த சீமெந்துப் பைகளைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டியிருந்தார்கள். மேலே விளக்குக் கரியும் தேங்காயெண்ணெயும்.

"கறுப்புக் காணாது. இன்னும் பூசு," என்றாள் எலிசா.

"பூசிப் பூசிக் கை தேஞ்சு போச்சு, மச்சாள். இந்தச் சீமெந்துப் பை எங்கட அப்புவை வெள்ளைக்காரன் ஆக்கப் பாக்குது!" என்றான் சிமோன். துறைமுகத்தில் வேலை செய்யும் மைத்துனன்.

அப்பு என்பது முன்னால் போகும் முகம். கப்பலில் வந்த முதல் மனிதன். முகம் கட்டியவர் பேசக்கூடாது. செவ்வாய் பொழுதுபடும்வரை அவர் பெயரை எவரும் சொல்லவும் கூடாது. சொன்னால் முகத்தைக் கழற்ற வேண்டும். அப்பு கழற்றினால் எல்லோரும் வீடு திரும்ப வேண்டும்.

"இது பழைய வழக்கம் எண்டதுக்கு ஆதாரம் இருக்கோ?" என்று கேட்டேன்.

"எழுத்தில ஒண்டும் இல்லை, ரீச்சர். நாளைக்குக் கட்டுவம். அது காணாதோ?" என்றாள் எலிசா.

காணாது என்றுதான் நினைத்தேன்.

அவர்களின் கவலை வேறு. போன தவக்காலத்துக்குப் பின் பாதிக் குடும்பங்கள் ஊரைவிட்டுப் போய்விட்டன. "இந்தமுறை பாதி வழியில திரும்பினால், அடுத்தமுறை ஒருத்தரும் வராயினம்," என்றாள் எலிசா. நகருக்குப் போகும் வழியில் காவலரண் இருக்கிறது. அடையாளம் தெரியாதவரை விடமாட்டார்கள். சிமோன் வழி கண்டுபிடித்திருந்தான். ஏழு பேரும் துறைமுகத் தொழிலாளர். வேலையிடத்தில் கொடுத்த பித்தளை இலக்கத் தகட்டை மார்பில் குத்திக்கொண்டு போவது. பெயர் சொல்லாமலே சரிபார்க்கலாம். சனிக்கிழமையே இலக்கங்களை எழுதிக்கொடுத்து அனுமதியும் வாங்கிவிட்டார்கள்.

செவ்வாய் காலை, அப்பு கட்டவிருந்த எலிசாவின் அண்ணனை வேலைக்கு அழைத்துவிட்டார்கள். இலக்கமும் அவனோடு போயிற்று. எலிசா முகத்தை எடுத்தாள்.

"பெட்டை அப்பு கட்டுறதோ?" என்றான் சிமோன்.

"கட்டக்கூடாதெண்டு எங்கயும் எழுதியிருக்கோ? ரீச்சரைக் கேள். எழுத்துத் தேடுறவ அவதான்."

மூன்று பத்துக்குக் காவலரணை அடைந்தோம். சார்ஜன் எண்ணினார்.

"ஏழு இலக்கம் தந்தனீங்கள். ஆறுதான் நிக்குது. அப்பு, உம்மட இலக்கம் எங்க?"

மேளம் நின்றது. அப்பு அசையவில்லை.

"பேரைச் சொல்லும். இல்லாட்டி முகத்தைக் கழட்டும்."

"கழட்டினால் நாங்கள் எல்லாரும் திரும்பவேணும், ஐயா," என்றார், பேசக்கூடாத ஏழு பேருக்காகவும், முகமூடி அணியாத மேளகாரர்.

"திரும்புங்கோ. சண்டைக்காலத்தில என்ன கூத்து?"

அப்பு திரும்பவில்லை. கரி கலந்த எண்ணெய் கழுத்தில் வழிந்தது. என் கடிகாரப்படி ஐந்து நிமிடம். பிறகு சார்ஜன் என் பக்கம் திரும்பினார்.

"நீங்கள் இவையோட வந்தனீங்கள். இது ஆரெண்டு தெரியுமோ?"

"ஓம்."

"ஆர்?"

கேட்ட கேள்விக்குச் சரியான விடை சொல்வது என் தொழில். "சொல்ல ஏலாது. ஆனால் நான் பொறுப்பு," என்றேன்.

"துறைமுகத்தில ஏதும் நடந்தால் உங்கட உத்தியோகம் போகும், ரீச்சர்."

"விளங்குது."

ஏட்டைத் தள்ளினார். ஆறு இலக்கங்களின் கீழே என் பெயரை, ஊரோடும் உத்தியோகத்தோடும், எழுதினேன். மேளம் மறுபடி தொடங்கியது. கடற்கரைத் தேவாலயம்வரை போய், ஐந்து நாற்பதுக்கு, இருட்டடிப்புக்கு முன்பே, ஏழு பேரும் வீடு சேர்ந்தார்கள்.

போக நினைப்பவர்கள் அடையாளப் பத்திரத்தையும் குடிதண்ணீரையும் மறக்கவேண்டாம். கமரா கொண்டுபோனால் பறித்துவிடுவார்கள். முகத்துக்குள் இருப்பவர் யாரென்று தெரிந்தால் வாயை மூடிக்கொள்ளுங்கள். தடை செவ்வாயோடு முடிந்துவிட்டதாலும் எலிசா சம்மதித்ததாலுமே இங்கே எழுதுகிறேன்.

வழக்கம் எத்தனை வருடத்தது என்பதற்கு இன்னும் என்னிடம் ஆதாரம் இல்லை. அன்றைய ஊர்வலத்துக்கு எழுத்தில் உள்ள ஒரே ஆதாரம் அந்த ஏடு. பிற்காலத்தில் யாராவது அதைப் புரட்டினால், அப்பு முகம் கட்டியவர் யாழ்ப்பாணத்துச் சரித்திர ஆசிரியை ஒருவர் என்று முடிவு கட்டுவார்.